பீட்ரூட் ஊறுகாய்: வினிகர் பாட்டிலா, நல்லெண்ணெய் ஜாடியா?

இராமநாதபுரம் கடலோரத்தில், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வளைகுடா போய் வந்த ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. வளைகுடாவில் ஷவர்மாவோடு ரோஸ் நிறத்தில் டர்னிப் துண்டு வைப்பார்கள். அந்த நிறம் கூடவே ஊறிய பீட்ரூட் கொடுத்தது. அதனால் வினிகரில் ஊறிய பீட்ரூட் இந்தக் கரையின் நாக்குக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் வீட்டில் போடலாம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நல்லெண்ணெய்க்குப் போய்விடுவார்கள். "பீட்ரூட்டைப் போயி சீசாவுல போட்டு அவிச்சுக்கிட்டு இருக்கியே, ஒரு தாளிப்பப் போட்டு வதக்குனா வேல முடிஞ்சிச்சு" என்றார் பக்கத்து வீட்டு லாத்தா.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துருவி, வதக்கி, நல்லெண்ணெயில் போடுவது. வேகவைத்து வினிகரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது. வினிகரோடு பாட்டிலில் அடைத்து, பாட்டிலையே கொதிநீரில் அவித்து அலமாரியில் வைப்பது. மூன்றும் எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது மூன்றாவதில் நிலைத்துவிட்டேன். அதற்குச் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ருசியை வைத்து எது மேல் என்று சண்டை போடுவதில் பயனில்லை. எண்ணெய் ஊறுகாய் தயிர்ச் சோற்றுக்கும் கஞ்சிக்கும். வினிகர் பீட்ரூட் பிரியாணிக்கும் பொரித்த மீனுக்கும். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது நிற்காது. செலவில் நல்லெண்ணெய் கையைக் கடிக்கும். நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். கடலோரத்தில் இவற்றைப் பிரிப்பது, போட்டு வைத்த பிறகு எதை எவ்வளவு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது.

முதலில் எண்ணெய். கடுகு, வெந்தயம், பெருங்காயம், மிளகாய்த் தூள், புளி அல்லது எலுமிச்சை. எல்லா வீட்டுக்கும் தெரிந்த கைவேலை. தனிப் பாத்திரம் வேண்டாம், மூடியைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பீட்ரூட் மாங்காய் மாதிரி இல்லை. மாங்காய்க்குத் தன் புளிப்பே காவல். பீட்ரூட்டில் புளிப்பு கிடையாது, தண்ணீரும் சர்க்கரையும்தான் அதிகம். துருவலை வாணலியில் நன்றாகச் சுண்ட விடாவிட்டால் எண்ணெய்க்கு அடியில் ஈரம் தங்கும். புளிப்பு குறைந்த காய், ஈரம், மேலே காற்றுப் புகாத எண்ணெய்ப் படலம், இந்த மூன்றும் சேர்ந்தால் போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமிக்கு வசதியான வீடு. அந்த நச்சுக்கு வாசனையும் இல்லை, நுரையும் வர வேண்டும் என்பதில்லை. அதனால் புளியைத் தாராளமாக ஊற்றினாலும் பீட்ரூட் எண்ணெய் ஊறுகாயை நான் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைப்பதில்லை. வெளியே வைக்கிறவர்களும் ஈரக் கரண்டி படாமல், எண்ணெய் மட்டம் இறங்காமல் தினமும் கண் வைத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியே தண்ணீர் விட்டு நிற்கும் ஊரில் அது சின்ன வேலை இல்லை.

ஃப்ரிட்ஜ் வழி எல்லாவற்றிலும் சுலபம். ஒரு கிலோதான் போடப் போகிறீர்கள் என்றால் மேலே படிக்கவே வேண்டாம், இதையே செய்யுங்கள். பிளாஸ்டிக் மூடி போட்ட பாட்டில் போதும். எனக்கு அதில் இரண்டு குறை. மழைக்காலத்தில் காற்று அடித்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரியது இடம். மீன் வாங்கி வைக்கிற வீட்டில் ஃப்ரிட்ஜ் மீனுக்குத்தான். நாலு பாட்டில் பீட்ரூட்டை வைத்தால் வீட்டில் முணுமுணுப்பு வரும்.

இனி பாட்டில். இதற்கு அடிப்படை புளிப்பு. புளிப்பை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6க்குக் கீழே இருந்தால் போட்டுலிசம் கிருமி வளராது. வெறும் பீட்ரூட் அதற்கு ரொம்ப மேலே நிற்கும். வினிகர் சேர்ந்தால்தான் கொதிநீரில் அவிப்பது போதுமானதாகும். வினிகர் இல்லாமல் உப்புத் தண்ணீரில் பீட்ரூட்டை அடைத்து அவிப்பது ஆபத்து, நம் வீட்டுக் குக்கரில் நாலு விசில் விட்டாலும் அது ஈடாகாது.

அமெரிக்க வேளாண் துறை சோதித்து வெளியிட்ட அளவு சுமார் 3.2 கிலோ பீட்ரூட்டுக்கு நாலு கப் வினிகர், இரண்டு கப் தண்ணீர், இரண்டு கப் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் உப்பு. அந்த வினிகர் 5 சதவீதப் புளிப்பு உள்ளது. நம் கடைகளில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பல 4 சதவீதம்தான். கணக்குப் போட்டால், அவர்கள் கலவை தண்ணீரோடு சேர்ந்து 3.3 சதவீதம் வருகிறது. 4 சதவீத வினிகரில் தண்ணீரே சேர்க்காமல், அந்த இரண்டு கப்புக்கும் வினிகரையே ஊற்றினால் அதற்கு மேலேயே நிற்கும். நான் அப்படித்தான் செய்கிறேன். கூடுதலாகப் புளிக்கும், சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். சர்க்கரை ருசிக்குத்தான், கூட்டலாம் குறைக்கலாம். வினிகரை மட்டும் குறைக்கக் கூடாது. சதவீதம் அச்சிடாத வினிகரையும், வீட்டில் புளிக்க வைத்ததையும் இதற்கு எடுக்காதீர்கள். நாக்குக்குச் சுள்ளென்று இருந்தாலும் அதன் அளவு நமக்குத் தெரியாது.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி போட்டால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். எண்ணெய் ஊறுகாயில் தாராளமாகப் போடுங்கள், பிரமாதமாக இருக்கும். பாட்டிலில் வேண்டாம். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அதன் மிச்சம் கருப்பட்டியில் இருந்தால் வினிகரின் புளிப்பைத் தின்றுவிடும். மற்றபடி பட்டை, கிராம்போடு பாட்டிலுக்கு ஒரு காய்ந்த குண்டு மிளகாய் போடுவேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு பீட்ரூட்டின் இனிப்போடு நல்ல பொருத்தம்.

செய்முறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வாலையும், ஒரு அங்குலத் தண்டையும் விட்டுத் தோலோடு வேகவைத்தால் சாயம் வெளியேறாது. வெந்ததும் தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வரும். கால் அங்குல வில்லைகளாக நறுக்கி, வினிகர்க் கலவையில் ஒரு கொதி விட்டு, சூடாகவே பாட்டிலில் போட்டு, மேலே அரை அங்குலம் இடம் விட்டு மூட வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் வினிகரைக் காய்ச்சாதீர்கள், எவர்சில்வரே சரி. அப்புறம் தேக்சாவின் அடியில் துணி விரித்து, பாட்டிலுக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வைத்து, தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 30 நிமிடம். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் 30. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் அங்கே 45 ஆகும். கேஸ் வீணாகிறதே என்பவர்கள் கொல்லையில் அடுப்பு மூட்டலாம், சீமைக் கருவேல விறகுக்கு இந்த மாவட்டத்தில் என்ன பஞ்சம்.

ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடியை உள்ளுக்கு இழுக்கும், 'டக்' என்று சத்தம் கேட்கும். மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். அசையாமல் குழிந்திருந்தால் அடைந்துவிட்டது. மேலும் கீழும் ஆடினால் அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜுக்கு.

இதுவரை எந்த ஊருக்கும் பொது. கடலோரத்தில் பாட்டிலின் தலையெழுத்தை எழுதுவது மூடி. கண்ணாடிக்கு உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, வினிகருக்கும் ஒன்றும் ஆகாது, தகர மூடிதான் மாட்டும். ஆனி, ஆடியில் கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பாருங்கள், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அதே பிசுபிசுப்புதான் அலமாரியில் இருக்கும் மூடியிலும் படிகிறது.

துரு மூடியின் தலையில் ஆரம்பிப்பதில்லை. மூடியின் கீழ் விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டிருக்கும் இடத்தில், கண்ணாடி மரைக்கும் தகரத்துக்கும் நடுவே தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆரம்பிக்கும். அவித்து எடுத்த பாட்டிலைத் துடைத்தாலும் அந்தச் சந்தில் ஈரம் இருக்கும். போர் தண்ணீரில் அவித்திருந்தால் அந்த ஈரமே உப்பு நீர். காய்ந்ததும் பாட்டில் முழுக்க வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம், சந்திலும் அதே பூச்சு இருக்கும். கொஞ்ச நாளில் விளிம்பில் பழுப்பு நிற மணிகள், அப்புறம் உதிரும் துரு.

ஆகவே காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்து அதில் அவிக்கிறேன். அது வராத வாரம் கேன் தண்ணீர். அவிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் ஊற்றினால் வெள்ளைப் பூச்சு படியாது. ஆறி, அடைந்தது உறுதியானதும் மறுநாள் நல்ல தண்ணீரில் மூடியைச் சுற்றிக் கழுவி, துணியால் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் வைத்துவிடுகிறேன். வெயிலில் காய வைக்க வேண்டாம், வெளிச்சம் பட்டால் பீட்ரூட்டின் நிறம் வெளுக்கும். பிறகு திறந்த அலமாரியிலோ கடல் பார்த்த ஜன்னல் ஓரத்திலோ வைக்காமல், அரிசி போட்டு வைக்கும் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில். அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைப்பது பீட்ரூட்டுக்கே உரிய வசதி. எந்தப் பாட்டிலாவது கசிந்தால் தாளில் ரோஸ் வட்டம் விழும், தேடவே வேண்டாம். கசியாமலே அடைப்பு விட்டுப்போகவும் கூடும், அதனால் தாளைப் பார்த்ததோடு நில்லாமல் மூடியையும் அழுத்திப் பாருங்கள்.

தட்டு ஒன்று, மரை வளையம் ஒன்று என்று இரண்டு துண்டாக வரும் மூடி கிடைத்தால் இந்தப் பாடு பாதியாகும். அடைந்த பிறகு வளையத்தைக் கழற்றி எடுத்துவிடலாம். சந்தே இல்லை, ஈரம் நிற்க இடமில்லை. ஆன்லைனில் வாங்க வேண்டும், விலையும் கூட. ஜாம் பாட்டிலுக்கு வரும், கால் சுற்றில் இறுகும் ஒற்றை மூடிதான் எனக்குக் கைவசம். எந்த மூடியானாலும் உள்ளே இருக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு ஒரு தடவைக்குத்தான். ஒவ்வொரு முறையும் புது மூடி. பாட்டில் வருஷக்கணக்கில் உழைக்கும், மூடிதான் ஓயாத செலவு. எண்ணெய் ஜாடிக்கு இந்தச் செலவே கிடையாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மூடியின் மேலே லேசாகத் துரு என்றால் துடைத்துவிட்டு அந்தப் பாட்டிலை முதலில் எடுத்துச் சாப்பிடலாம். துரு விளிம்பைத் தின்றிருந்தாலோ, நடு மேடாகியிருந்தாலோ, மரையில் சாறு காய்ந்திருந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு மூடி புராணத்துக்குப் பிறகும் நான் ஏன் பாட்டில் பக்கம் என்றால், இந்த வேலை எல்லாம் முதல் இரண்டு நாளோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் எப்போதாவது டிரம்மைத் திறந்து பார்த்தால் போதும். கரண்ட் போனாலும் அதற்கு ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து பீட்ரூட் மலிவாக வரும் வாரத்தில் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாம். ஒரு வருஷத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் எந்தப் பாட்டிலும் அவ்வளவு நாள் தங்கியதில்லை, அதனால் கடைசி மாதத்தில் மூடி எப்படி இருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கடலை ஒட்டியே, மண்டபம், பாம்பன் மாதிரி இரண்டு பக்கமும் காற்று அடிக்கும் இடத்தில் இருப்பவர்கள் அரை வருஷத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

பாட்டில் சின்னதாக, 300, 400 மில்லி அளவில் வாங்குங்கள். போட்டவுடன் திறக்காமல் சில வாரம் விட்டால்தான் பட்டையும் மிளகாயும் இறங்கும். திறந்துவிட்டால் ஃப்ரிட்ஜ்தான். வில்லைகள் தீர்ந்து மிஞ்சும் சாற்றை மறுபடி பாட்டில் அடைக்க எடுக்கக் கூடாது, பீட்ரூட்டின் தண்ணீர் இறங்கி அதன் புளிப்பு குறைந்திருக்கும். சின்ன வெங்காயத்தை நறுக்கி அதில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மதியம் பொரித்த மீனுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.