தோப்புப் புல்லுக்கு வேப்பெண்ணெய் யூரியா: இரண்டு வருஷம் போட்டுப் பார்த்ததில்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள் 30 சென்ட் கம்பு நேப்பியர் தீவனப் புல் இருக்கிறது. மாடு நான்கு. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. விலையில் குறை சொல்ல முடியாது. (மூட்டையோடு ஒரு திரவ உர பாட்டிலையும் தலையில் கட்டப் பார்த்த கடைக்கு மட்டும் இப்போது போவதில்லை.)

குருணை லேசான மஞ்சள். அள்ளினால் உள்ளங்கையில் வேப்பெண்ணெய் வாடை ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை சாயங்காலம் ஈரத்தில் சும்மா வீசிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து மாமியார் தோப்பிலிருந்து வந்து, "ஏங்கண்ணு, மூக்கெல்லாம் எரியுது, என்னத்தப் போட்ட?" என்றார். அமோனியா. காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

வேப்பெண்ணெய் பூசியும் ஏன் இப்படி? அது செய்கிற வேலையே வேறு. யூரியா முதலில் அம்மோனியமாகும், அப்புறம் நைட்ரேட்டாகும். இரண்டாவது படியைத்தான் வேம்பு மெதுவாக்குகிறது. அதனால் நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்குவதும், ஈர மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புவதும் குறையும். கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிக்கிற வாயு அது. ஆனால் முதல் படியிலேயே பறக்கிற அமோனியாவை வேம்பு தடுக்காது. தோப்பில் இன்னும் மோசம்: மட்கும் சருகின் மேல் விழுந்தால் யூரியா வெறும் மண்ணைவிட வேகமாகச் சிதையும்.

இப்போது சருகை ஒதுக்கிவிட்டு, புல் வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் ஆழம் கீறி, போட்டு மூடி, உடனே தண்ணீர் விடுகிறேன். வாடையே இல்லை. முன்பு 18 கிலோ போட்ட இடத்தில் 12 கிலோதான். புல் உயரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கூடவே நட்ட வேலிமசாலுக்கும் (காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிற தீவனச் செடி), மாடு போடுகிற சாணிக்கும் இதில் பங்கு உண்டு, முழுப் பெருமையும் மூட்டைக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை. நிழலில் வளரும் புல்லில் நைட்ரேட் தேங்கும். யூரியா போட்ட சில நாளில் அறுத்துப் போட்டால் மாட்டுக்கு ஆபத்து. வானம் மூட்டம் போட்ட வாரத்தில் நான் அறுப்பைத் தள்ளிவிடுவேன், கறவைக்காரர் முனகினாலும் சரி.

ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, கீறிப் போடும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.