வடிகட்டிப் பானை: மெதுவாகச் சொட்டினால் குறையல்ல, வேகமாகச் சொட்டினால்தான் சந்தேகம்

களிமண்ணோடு சலித்த மரத்தூளையோ உமியையோ பிசைந்து, பூந்தொட்டி வடிவில் அழுத்திச் சூளையில் சுட்ட, குடிநீர் வடிக்கும் பானை இது. குழாய் வைத்த வாளியின் மேல் இதை உட்காரவைத்தால், வடிந்த நீர் வாளியில் சேரும். தூள் எரிந்த இடமெல்லாம் நுண்துளையாகிவிடும். மேலே கூழ்ம வெள்ளிப் பூச்சு, அதாவது கிருமியைக் கொல்லும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள். 1981-ல் குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கியது. மின்சாரம் வேண்டாம், தண்ணீர் அழுத்தமும் வேண்டாம்.

பாக்டீரியாவை நன்றாகவே பிடிக்கிறது. வைரஸ்கள் துளையைவிட மிகச் சிறியவை, பெரும்பாலும் நழுவிவிடும். அந்தப் பயம் இருந்தால் வடித்த நீரைக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். உப்பு, ஃபுளூரைடு, நைட்ரேட் எல்லாம் அப்படியே இறங்கும். உவர்நீர்க் கிணற்றுக்கு இதை வாங்கிப் பயனில்லை.

புதுப் பானையை ஓர் இரவு ஊறவையுங்கள். முதல் இரண்டு மூன்று முறை வடிந்ததைக் கொட்டிவிடுங்கள், மண்வாடை போகும். விளிம்புவரை நிரப்பினால் முதல் ஒரு மணி நேரத்தில் 1 முதல் 3 லிட்டர் இறங்குவது சரியான அளவு. மட்டம் குறையக் குறைய அழுத்தமும் குறைந்து சொட்டு மந்தமாகும். அதனால் காலியாகும்வரை காத்திராமல் அவ்வப்போது ஊற்றி வருவதே லாபம். கலங்கல் நீரை ஒரு ராத்திரி தெளியவைத்து, மடித்த துணியில் வடித்து ஊற்றுங்கள். இல்லையேல் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

அடைத்தால் உட்புறத்தை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். சோப்பு கூடவே கூடாது, துளைக்குள் புகுந்து தங்கிவிடும். நீர் நிறைந்த பானையைத் தூக்காதீர்கள், விளிம்பு கையோடு வந்துவிடும்.

திடீரென வேகம் கூடினால் மயிரிழை விரிசல் என்று வையுங்கள். ஊறிய பானையைக் கவிழ்த்து, வாய் கீழாக நீரில் அமுக்கிப் பாருங்கள். நனைந்த நுண்துளை காற்றை விடாது. விரிசல் இருந்தால் அங்கிருந்து குமிழி சரமாகக் கிளம்பும். அந்தப் பானை செடி வைக்கத்தான் உதவும்.

உண்மையான பலவீனம் பானையில் இல்லை, கீழே இருக்கும் வாளியில். வடித்த நீரில் குளோரின் மிச்சமில்லை. அழுக்குக் கையோ டம்ளரோ ஒரு முறை பட்டாலே கிருமி மறுபடி பெருகும். வாளியையும் குழாயின் உட்புறத்தையும் வாரம் ஒரு முறை சோப்பு போட்டுக் கழுவி, வடித்த நீராலேயே அலசுங்கள். கழுவும் நேரத்தில் பானையைத் தரையில் வைக்காமல், சுத்தமான மூடியின் மேல் வையுங்கள். குழாய் வாஷர் ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது, முதலில் தேய்வது அதுதான்.