விக்கிப்பீடியா: முதல் இடத்துக்குத் தகுதி உண்டா?

செங்கோட்டையில் 16 வருடமாக வேன் ஓட்டுகிறேன். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் அப்படியே புளியரை தாண்டி ஆரியங்காவு, பாலருவி என்று மலையேறுவார்கள். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைக் கண்டதும், "அண்ணே, இது எப்போ கட்டினது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். போனில் தேடினால் மேலே நிற்பது விக்கிப்பீடியாதான். கொல்லம் பாதையில் 1904இல் ரயில் ஓடியது, மீட்டர் கேஜ் போய் 2018இல் முழுக்க அகலப்பாதை ஆனது என்று வாசித்துக் காட்டுவேன்.

காசு கொடுத்துத்தான் முதலில் வருகிறது என்று எங்கள் ஸ்டாண்டில் சொல்வார்கள். அது தப்பு. நன்கொடையில் நடக்கிற தளம், விளம்பரமே கிடையாது. 1998இல் ஸ்டான்ஃபோர்டில் படித்த லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளுக்குப் போட்ட அடித்தளம் இது: ஒரு பக்கம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஓர் ஓட்டு, பலர் மதிக்கும் பக்கம் போடும் ஓட்டுக்குக் கனம் அதிகம். பிரானூர் பார்டரில் புரோட்டாவுக்கு எந்தக் கடை என்று விசாரித்தால், தினம் அந்த வழி போகிற லாரிக்காரர் கைகாட்டும் கடைக்குத்தானே போவோம்? இன்று வேறு கணக்குகளும் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆனாலும் பத்திரிகை, கல்லூரி என்று எல்லாரும் கைகாட்டும் இடம் மேலேதான் வரும்.

உள்கட்டும் நேர்த்தி. டெல்லிக் கோட்டைக்கும் செங்கோட்டை என்றுதான் பெயர். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த கதையைத் தொட்டால், ஒரு பக்கம் அடுத்ததற்கு இழுத்துக்கொண்டே போகும்.

என் வேனுக்கு வெப்சைட் செய்துகொடுத்தவர், விக்கிப்பீடியாவில் நம் இணைப்பைப் போட்டால் நாமும் மேலே ஏறலாம் என்று 3,000 ரூபாய் வாங்கினார். ஏறவில்லை. 2007 முதலே அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகளில் 'இதை ஓட்டாக எண்ணாதே' என்று தேடுபொறிக்குக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பணத்துக்கு டீசல் போட்டிருப்பேன்.

அருவியில் இன்று குளிக்க விடுகிறார்களா, சாலை திறந்திருக்கிறதா என்பதற்கு இதைப் பார்க்காதீர்கள். ஒரு தேதி சந்தேகமாக இருந்தால் அடியில் உள்ள மேற்கோள் வரை இறங்கிப் பாருங்கள். தமிழில் பல பக்கங்கள் ஆங்கிலத்தைவிடச் சின்னவை என்பதால் ஒரு நட்சத்திரம் குறைத்து, நான்கு தருகிறேன். மழை விட்டதும் பாலத்தை அடியிலிருந்து படம் எடுத்து நானே ஏற்றப்போகிறேன்.