முதல் மூன்று நாள்: இலங்கையா, தாய்லாந்தா?

தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்: "அக்கா, நீங்க ரெண்டு ஊருக்கும் போயிட்டு வந்துட்டீங்க. நாங்க எங்க போறது?" நானும் என் கணவரும் 2024 பிப்ரவரியில் இலங்கைக்குப் போனோம். எங்கள் இருவருக்குமே முதல் விமானம் அது. 2025 ஆகஸ்டில் தாய்லாந்து. இரண்டும் பேக்கேஜ், இரண்டும் நான்கு இரவு.

முழுப் பயணத்தையும் இங்கே ஒப்பிடப் போவதில்லை. முதல் மூன்று நாள் மட்டும்தான். ஏஜென்ட் கொடுக்கிற தாளில் எல்லா நாளுக்கும் ஒரே அளவு கட்டம் போட்டிருக்கும். ஆனால் முதல் நாள் உடம்பு ஒத்துழைக்காவிட்டால் இரண்டாம் நாளையும் அது தின்றுவிடும், நான்கு நாளில் இரண்டு போய்விடும். இதைப் போகுமுன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் எங்களுக்குத் தனிக் கார், ஓட்டுநர். தாய்லாந்தில் 34 பேரோடு ஒரே பேருந்து. அப்படியானால் ஊரை ஒப்பிடுகிறாயா, ஏற்பாட்டை ஒப்பிடுகிறாயா என்று கேட்கலாம். எங்கள் கையில் இருந்த பணத்துக்கு அந்த ஊரில் அதுதான் கிடைத்தது, இந்த ஊரில் இதுதான் கிடைத்தது. என்னைப் போலச் சீட்டுப் பணம் எடுத்துப் போகிறவர்களுக்கும் அநேகமாக இதே நிலைதான். இரண்டு பேருக்கும் சேர்த்து இலங்கைக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது, தாய்லாந்து அதற்குள் முடிந்தது. கிட்ட இருக்கிற ஊருக்குத்தான் அதிகம் ஆனது.

காகிதத்திலிருந்து தொடங்குகிறேன். இலங்கைக்குப் போகுமுன் இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் போன சமயத்தில் இந்தியர்களுக்கு அதைக் கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். தாய்லாந்துக்கு நாங்கள் போனபோது விசா தேவைப்படவில்லை. ஆனால் 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்று வந்திருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அதற்குக் காசு கிடையாது, காசு கேட்டால் அது வேறு யாருடைய தளமோ. இரண்டு நாட்டிலும் இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் முன்பணம் கட்டுகிற அன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் நிறையப் பேருக்குப் பொருந்துகிற ஒரு விஷயமும் இருக்கிறது. என் கணவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுடைய பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈ.சி.ஆர். என்று இருக்கும், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஏமாற்றப்படாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதற்கான நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகளோடு தாய்லாந்தும் மலேசியாவும் இருக்கின்றன, இலங்கை இல்லை. சுற்றுலாவுக்குப் போகிறவரை அது தடுக்காது. ஆனாலும் மீனம்பாக்கத்தில் அவரை மட்டும் தனியே நிறுத்தித் திரும்பும் டிக்கெட் எங்கே, ஓட்டல் ரசீது எங்கே என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் விட்டார்கள். போனில் இருக்கிறது என்று நின்றிருந்தால் அவர் பதறியிருப்பார். இந்த ஊர்களுக்குப் போகும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்கள் காகிதமாகவே கையில் வைத்திருங்கள்.

சரி, முதல் நாள்.

கொழும்பு விமானம் பகலில். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் விமான நிலையம் வரை ஒரே ரயில், மாறவே வேண்டாம். 2021இல் விம்கோ நகர் வரை பாதை நீண்டதிலிருந்து வடசென்னைக்கு இது பெரிய வசதி. அதிகாலை ரயில் பிடித்து, காலை விமானத்தில் ஏறி, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கட்டுநாயக்கவில் இறங்கிவிட்டோம். கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான். வெளியே பெயர்ப் பலகையோடு நின்றவர் ஹட்டன் பக்கத்துத் தமிழர். "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். கொழும்புக்குப் போகாமல் பக்கத்திலேயே இருக்கிற நீர்கொழும்புக்கு அழைத்துப் போனார். அரைமணிகூட ஆகவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அறை தயார், சாப்பிட்டோம், தூங்கினோம். ஐந்து மணிக்குக் கடற்கரையில் இருந்தோம்.

அந்த மாலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மணலில் நார்ப்பாய் விரித்து, மீனைக் கீறி உப்பிட்டு வரிசை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். படகுகளில் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்குத் தெரு மாதா கோயில். என் கணவர் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்து, "இன்னா இது, நம்ம காசிமேடு மாதிரியே கீது" என்றார். அதுவரை விமானத்திலும் வரிசையிலும் ஒடுங்கிப் போயிருந்தவர் அப்புறம்தான் சகஜமானார். வலைக்காரர் ஒருவரிடம் கையும் சைகையுமாக மீன் பேர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். வெளிநாட்டுக்கு வந்து காசிமேட்டையே பார்ப்பதற்கு எதற்கு லட்ச ரூபாய் என்று என் நாத்தனார் பின்னால் கேட்டார். முதல் முறை வெளியே போகிறவருக்குத் தெரிந்த வாசனை ஒன்று முதலில் கிடைத்தால் மற்றதெல்லாம் அவருக்குத் திறந்துகொள்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி பாங்காக். விமானம் நள்ளிரவு தாண்டி. இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருந்தோம். மூன்றரை மணி நேரப் பறப்பில் சாப்பாடு, விளக்கு, அறிவிப்பு என்று தூக்கம் ஒரு மணி நேரமும் இல்லை. சுவர்ணபூமியில் இறங்கும்போது அங்கே காலை ஆறு, நம் உடம்புக்கு நாலரை. தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. குடியேற்ற வரிசையில் ஒரு மணி நேரம். அப்புறம் வேறு விமானத்தில் வருகிற குழுவினருக்காகப் பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தோம். ஒன்பதரைக்குப் பேருந்து கிளம்பி பட்டாயா போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ஓட்டலில் அறை இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். அது பெரும்பாலான ஓட்டல்களில் உள்ள விதி, அவர்கள் மேல் தப்பில்லை. காலை ஆறு மணிக்கு இறங்குகிறவர்களுக்கு இரண்டு மணிக்கு அறை என்று தாளில் போட்டு விற்ற ஏஜென்ட் மேல்தான் எனக்கு வருத்தம். லாபியில் என் கணவரின் கால் வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் கல்யாணமாகி ஒரு வாரமே ஆன பெண், மருதாணிக் கையோடு, கணவன் தோளில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே பட்டாயாவின் பேர்போன அல்கசார் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். பிரம்மாண்டமான அரங்கம், கண்ணைப் பறிக்கிற உடைகள். தையல்காரி என்பதால் அந்த உடைகளைப் பார்க்கவே ஆசையாகப் போனேன். கால்வாசிக்கு மேல் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன். அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை. முதல் நாளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவே போட்டியே இல்லை.

இரண்டாம் நாளில் நிலைமை புரண்டது.

இலங்கையில் காலையில் கிளம்பிக் கண்டி போனோம். வழியில் பின்னவலையில் 1975இல் தொடங்கிய யானைகள் காப்பகம், ஆற்றில் யானைகள் குளிப்பதைப் பார்க்கலாம். அப்புறம் மசாலாத் தோட்டம் என்று ஒரு நிறுத்தம், எண்ணெயும் களிம்பும் விற்கிற இடம். மாலை பூசைக்குத் தலதா மாளிகை, புத்தரின் பல்லை வைத்துக் கும்பிடுகிற கோயில். தோளும் முட்டியும் மறைய உடுத்த வேண்டும். மேளச் சத்தம் நெஞ்சில் அதிரும். மாளிகைக்கு முன்னால் இருக்கிற ஏரியை வெட்டியவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம். 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, அடுத்த ஆண்டு வேலூருக்கு நாடு கடத்தினார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். வேலூர்க் கோட்டைக்கு நாங்கள் எத்தனையோ முறை போயிருக்கிறோம், இது தெரியாது. நல்ல நாள்தான். ஆனால் பாதி நாள் வளைந்து நெளிந்த சாலையில் போனது, எனக்கு இரண்டு முறை குமட்டியது.

தாய்லாந்தில் இரண்டாம் நாள் கோ லான் தீவு. நம் ஏஜென்ட்கள் கோரல் ஐலண்ட் என்பது அதைத்தான். பட்டாயா கரையிலிருந்து ஏழு கிலோமீட்டர் சுமார், ஸ்பீட் போட்டில் கால் மணி நேரம். நடுவில் ஒரு மிதவை மேடையில் நிறுத்தி பாராசெய்லிங்குக்குத் தனிக் காசு கேட்பார்கள். வேண்டாம் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். தீவில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். என் கால் விரல் தெரிந்தது.

நான் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் எங்கள் கடலில் இறங்க முடியாது. துறைமுகச் சுவர் 1876இல் கட்டத் தொடங்கியதிலிருந்து, தெற்கே இருந்து வரும் மணல் அதற்குத் தெற்கிலேயே தங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. காசிமேட்டுக்கு வடக்கே கரையெல்லாம் இன்றைக்குக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. என் அம்மா மணலில் விளையாடியதாகச் சொல்வார். நான் கல்லின் மேல் நின்று பார்த்த கடல்தான். 46 வயதில், வேறொரு நாட்டில், முதல் முறையாகக் கடலுக்குள் பயமில்லாமல் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். இரண்டு பயணத்திலும் எனக்கு மிகப் பிடித்த இரண்டு மணி நேரம் அதுதான். நீர்கொழும்புக் கடலுக்கு அந்தத் தெளிவு இல்லை.

சாப்பாட்டில் இலங்கை எங்கேயோ இருக்கிறது. காலையில் இடியாப்பம், பருப்பு, பொல் சம்பல், பாற்சோறு, இரவில் கொத்து ரொட்டி. தாய்லாந்தில் மதியமும் இரவும் இந்திய உணவகம் என்று பேக்கேஜிலேயே சேர்த்திருந்தார்கள். நான்கு நாளும் பனீர், ரொட்டி, மஞ்சள் பருப்பு. தெருவில் முழு மீனை உப்புப் பூசிச் சுட்டுக்கொண்டிருக்க, நாங்கள் ஏற்கெனவே காசு கட்டிய பனீரைத் தின்னப் போய்க்கொண்டிருந்தோம். மீன் சாப்பிடுகிறவர்கள் அந்த மதியச் சாப்பாட்டைக் கழித்துக் கொடுக்கச் சொல்லி முன்பே கேளுங்கள். சைவக்காரர்களுக்கு அந்த ஏற்பாடுதான் நிம்மதி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் மாற்றுவது இரண்டிலும் சிரமமில்லை. எதில் போனாலும் ஏஜென்ட் டி.சி.எஸ். என்று வருமான வரிக்காக ஒரு தொகை பிடிப்பார். அது உங்கள் பான் எண்ணில் ஏறும். வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். எங்கள் தெருவில் பலர் அதைச் செலவென்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள், பட்டாயாவிலிருந்து பாங்காக். வழியில் நகைக்கல் கடையில் ஒரு மணி நேரம். 34 பேரில் நான்கு பேர் வாங்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இலங்கையிலும் கல் கடை உண்டு, ஆனால் "வேணாம் தம்பி, நேரா போயிடலாம்" என்றதும் ஓட்டுநர் வண்டியைத் திருப்பிவிட்டார். தனிக் காருக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் இதற்குத்தான். பாங்காக்கில் வாட் டிரைமிட்டில் ஐந்தரை டன் தங்க புத்தர். 1955இல் இடம் மாற்றும்போது மேல்பூச்சு உடைந்த பிறகுதான் உள்ளே தங்கம் என்று உலகத்துக்குத் தெரிந்ததாம். எல்லாம் ஓட்டமாக ஓடிப் பார்த்தோம். மாலையில் குழு கடைத்தெருவுக்குப் போக, நாங்கள் இருவரும் மட்டும் டாக்சி பிடித்து சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1879இல் தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையோடு அங்கே கும்பிட்டு நிற்கிறார்கள். தாளில் இல்லாத அந்த ஒரு மணி நேரம்தான் பாங்காக்கில் எங்களுடையதாக இருந்தது.

இலங்கையில் மூன்றாம் நாள் நுவரெலியா. தேயிலைச் சரிவில் வண்டியை நிறுத்தி ஓட்டுநர் தன் குடும்பக் கதையைச் சொன்னார். அவருடைய பாட்டன் வழி திருச்சிப் பக்கம். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப முடிவு செய்தபோது பாட்டியின் தங்கை நீலகிரிக்குப் போய்விட்டார், பாட்டி இங்கேயே தங்கிவிட்டார், இருவரும் அப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை. என் கணவர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர், முன் இருக்கையில் உட்கார்ந்து மணிக்கணக்காக அவரோடு பேசிக்கொண்டு வந்தார். பேருந்தில் மைக் பிடித்துப் பேசிய வழிகாட்டி நல்லவர்தான், ஆனால் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்க எங்களால் முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் முறை வெளிநாடு போகிற தம்பதி, அதுவும் நாற்பதைத் தாண்டியவர்கள், இலங்கைக்குப் போங்கள். கூடுதல் பணம் வீணாகாது. ஒருமுறை போய்ப் பழகியவர்கள், கடலில் இறங்க ஆசை உள்ளவர்கள், தாய்லாந்து போங்கள். ஆனால் தாளை அப்படியே ஏற்காதீர்கள். பகல் விமானம் கேளுங்கள். இல்லையென்றால் முன்கூட்டியே அறை திறந்துவிட எவ்வளவு என்று கேட்டு அந்தக் காசைக் கட்டுங்கள். முதல் நாள் இரவுக் காட்சியை அடுத்த நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். பாங்காக்கில் ஒரு மாலையைக் காலியாக விடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பட்டாயாதான் வேண்டுமாம். போன வாரம் அவளோடு உட்கார்ந்து ஏஜென்டின் தாளில் இவை எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவில் எழுதி அனுப்பினோம். காட்சியை மாற்ற ஒத்துக்கொண்டுவிட்டார். பகல் விமானத்துக்குத்தான் இன்னும் விலை சொல்லவில்லை.