மனநல உதவி எண் 14416-க்கு மூன்று முறை அழைத்தேன்

சிறுசேரி சிப்காட்டில் ஒரு பெரிய ஐடி கம்பெனியில் டெஸ்டிங் லீடாக இருக்கிறேன். சேர்ந்து நாலு வருஷம் மூன்று மாசம். வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஐந்து வருஷம் முடிய வேண்டும் என்பதால், இந்தக் கணக்கை நாள் தவறாமல் போட்டுப் பார்ப்பேன்.

ஜனவரியில் எங்கள் மாடியில் மட்டும் பதினோரு பேரை ஹெச்ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மத்தியானம் அவர்கள் கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து மேனேஜர் ஆளே மாறிவிட்டார். டீம்ஸ் என்ற ஆபீஸ் சாட் ஆப்பில் என் பச்சைப் புள்ளி மஞ்சளானால், அதாவது நான் சீட்டில் இல்லை என்று காட்டினால், உடனே மெசேஜ் வரும். கிளையண்டுக்கு எழுதிய மூன்று வரி மெயிலை நாலு தடவை திருத்தினார். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், அவரிடமிருந்து 23 மெசேஜ். அவருக்கும் வேலை போகும் பயம்தான், அது எனக்குப் புரிகிறது. ஆனால் புரிந்ததால் தூக்கம் வந்துவிடவில்லை.

கம்பெனியிலேயே கவுன்சலிங் வசதி உண்டு. உள்ளே நுழையவே எம்ப்ளாயி நம்பர் கேட்டது. பேசுவதை வெளியே சொல்லமாட்டோம் என்று எழுதியிருந்தும், அந்த மனநிலையில் அதை டைப் செய்யக் கை வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி இரண்டு மணி. வீட்டில் யாரையும் எழுப்பாமல் மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று 14416 அடித்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை இது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். இங்கே ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரிலும் தெரியும்.

எடுத்தவர் ஒரு பெண். நான் முதலில் அழுதேன். "அழுங்கம்மா, நான் லைன்லதான் இருக்கேன்" என்றார். பிறகு தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு, உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று நேராகவே கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லும்போதுதான் அது உண்மை என்று எனக்கே உறுதியானது.

"வேலை போயிடும்னு ஒரு பயம், அவர் பார்த்துக்கிட்டே இருக்கார்னு ஒரு பயம். ரெண்டையும் தனித்தனியா வைங்கம்மா" என்றார். எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

முதல் பயத்துக்கு மறுநாள் கணக்கு எழுதினேன். சம்பளமே வராவிட்டாலும் வீட்டுக் கடன், பையன் ஸ்கூல் ஃபீஸ், மளிகை சேர்த்து ஐந்து மாசம் ஓட்டலாம். ஐந்து என்பது பெரிய எண் இல்லை. ஆனாலும் எண் தெரியாமல் கிடந்ததைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது பயத்துக்கு வழி மூன்றாவது அழைப்பில் வேறொரு ஆலோசகருடன் பேசும்போது கிடைத்தது. "அவர் கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிட்டா என்ன மேடம்?" என்றார். இப்போது காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் முடித்தது, பாக்கி, தடங்கல் என்று நானே மேனேஜருக்கு எழுதிவிடுகிறேன். 23 மெசேஜ் ஏழெட்டாகக் குறைந்திருக்கிறது. போன் இப்போது ஹாலில் தூங்குகிறது.

இரண்டாவது அழைப்பைப் பற்றி அவ்வளவு சொல்ல ஒன்றுமில்லை, சும்மா பேசினேன். அதற்கும் அழைக்கலாம்.

வேலை போனால் சட்டப்படி என்ன கிடைக்கும் என்று கேட்க 14416 இடம் இல்லை, அதற்கு வக்கீலையோ தொழிற்சங்கத்தையோதான் பார்க்க வேண்டும். ஆலோசகர் மருந்து தருவதில்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், நேரில் எங்கே போவது என்றும் வழி சொல்வார்கள்.

அழைக்கப் போகிறவர்கள் சார்ஜ் போட்டுவிட்டு, தனியாக உட்கார ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் அழைப்பு முக்கால் மணி நேரம் போனது. ஒருமுறைகூட அவர் அவசரப்படுத்தவில்லை.