ஆயிலில் ஊற்றும் ஜிங்க் என்று நம்பி வாங்கினேன், எஞ்சின் போய்விட்டது: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

நாகர்கோவிலில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பெயர் போடவில்லை. இன்று காலையும் அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன், ஆத்திரம் அடங்கவில்லை. 38,600 ரூபாய் போய்விட்டது.

அப்பா வைத்திருந்த 1978 மார்க் 3 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். போன மாதம் தக்கலையில் எஞ்சின் வேலை பார்த்து, புது கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல் தண்டு) எட்டு டேப்பட்டும் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு) போட்டோம். இந்த எஞ்சின் டேப்பட்டில் உருளும் ரோலர் கிடையாது, டேப்பட் கேம் மேல் உரசிக்கொண்டேதான் ஓடும். அந்த இடத்தில் தேய்மானத்தைத் தடுப்பது ஆயிலில் உள்ள ஜிங்க்-பாஸ்பரஸ் கலவை. பாஸ்பரஸ் புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 5டபிள்யூ-30 மாதிரியான இன்றைய மெல்லிய பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் அதற்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. அதனால்தான் மெக்கானிக் அண்ணன், "கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் வாங்கு, புது கேம் பழகுற வரைக்கும் ஜிங்க் பாட்டில் ஒண்ணும் சேர்த்துக்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் பழைய ஆயில் தம்பி. 5-30 போடு, இந்த ஜிங்க்கை ஊத்து, எஞ்சின் பூ மாதிரி ஓடும்." நான் தயங்கினேன். உடனே, "உங்க அப்பா இங்கதான ஆயில் வாங்குவாரு? அவரு பிள்ளைக்குப் போய் நான் தப்பா குடுப்பேனா?" என்றார். அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் லேபிளைப் படிக்கவே இல்லை. துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

முதல் ஸ்டார்ட்டில் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம்மில் முறையாக ஓட்டினோம். 400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், குலசேகரம் போய்வரும்போது டிக் டிக் என்று சத்தம். சைடு கவரைக் கழற்றினால் டேப்பட்டின் அடியில் குழி குழியாக இருக்கிறது, கேமில் இரண்டு லோப் (டேப்பட்டைத் தள்ளும் மேடு) மழுங்கிவிட்டது. காலி ஜிங்க் பாட்டிலின் ஸ்டிக்கரை மெக்கானிக் அண்ணன் நகத்தால் உரித்தார். கீழே இருந்த லேபிள், எஞ்சின் ஃபிளஷ். பழைய ஆயிலை வடிப்பதற்கு முன் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி வெளியேற்ற வேண்டிய கழுவும் திரவம்! அதோடுதான் வண்டி 400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

முதல் நாள் போனேன், "ஓனர் இல்ல, நாளைக்கு வாங்க." மறுநாள், "இது எங்க ஸ்டிக்கரே இல்ல." இன்று, "பில் இருக்கா? மெக்கானிக் சரியா மாட்டியிருக்க மாட்டான்." கேம், டேப்பட், ஆயில், இரண்டு தடவை கூலி எல்லாம் சேர்த்து 38,600 ரூபாய். ஒரு ரூபாய்கூடத் தர மாட்டாராம்.

பழைய எஞ்சினுக்கு ஆயில் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவாவது செய்யுங்கள். துண்டுச் சீட்டு வாங்காதீர்கள், பில் கேளுங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் தொடாதீர்கள். வண்டிக்குச் சொன்ன கிரேடையே போடுங்கள். ஜிங்க் நல்லது என்று அளவுக்கு மேல் ஊற்றவும் வேண்டாம், அதுவும் கெடுதல்தான்.

பாட்டிலையும் உரித்த ஸ்டிக்கரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.