செயின் தேய்மானம் அளக்கும் பட்டை: பழைய சைக்கிள் வாங்கியவனின் மதிப்பீடு

ஒரு சாண் நீள எஃகுப் பட்டை அது. ஒரு முனையில் கொக்கி, மறு முனையில் பல். ஒரு பக்கத்தில் 0.75 என்றும் மறு பக்கத்தில் 1 என்றும் பொறித்திருக்கிறார்கள்; செயின் தேய்ந்து எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்பதன் அளவு அது. எண்ணெய்க் கையோடு பார்த்தால் இரண்டில் எது எது என்று தெரியாத அளவுக்கு மங்கலான பொறிப்பு. கொக்கியைச் செயினில் மாட்டி மறு முனையை விட வேண்டும். பல் கண்ணிக்குள் இறங்கிவிட்டால் செயின் தேய்ந்துவிட்டது, மேலேயே நின்றால் இன்னும் ஓட்டலாம். வேலை அவ்வளவுதான். ஏழெட்டு மாதமாக என்னிடம் இருக்கிறது.

இதை வாங்க வைத்தது பின்னால் 8 கியர் கொண்ட ஒரு பழைய சைக்கிள். விற்றவர் அதைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். நானும் பளபளப்பைப் பார்த்தே வாங்கினேன். மேட்டில் எழுந்து நின்று மிதித்த முதல் நாளே 'டக்' என்று செயின் வழுக்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. கியர் சரியாக அமையவில்லை என்று நானே முடிவு கட்டி, இரண்டு வார இறுதிகளைக் கேபிள் இழுவிசையைத் திருத்துவதிலும், கியர் மாற்றியின் எல்லைத் திருகுகளை முன்னும் பின்னும் திருப்புவதிலும் கழித்தேன். எல்லைத் திருகுகளுக்கும் இந்த வழுக்கலுக்கும் எந்த உறவும் இல்லை. செயின் இரு ஓரத்திலும் தாண்டிக் கீழே விழாமல் தடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. நன்றாக இருந்ததையும் கெடுத்ததுதான் மிச்சம்.

இந்தப் பட்டையை மாட்டியதும் 1 என்ற பக்கமே தடையில்லாமல் உள்ளே விழுந்தது. நம்ப மனமில்லாமல் எஃகு ஸ்கேலை எடுத்தேன். சைக்கிள் செயினில் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம். ஆகவே புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். என்னுடையதில் 24ஆவது ஆணி 12 அங்குலத்தைத் தாண்டி எட்டில் ஒரு அங்குலத்துக்கும் மேலே நின்றது. செயின் 'இழுத்துக்கொண்டது' என்று சொல்கிறோமே, உண்மையில் தகடு எதுவும் நீள்வதில்லை. ஆணியும் அது சுழலும் துளையும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இம்மியளவு இடைவெளி சேர்ந்து மொத்தத்தில் நீளமாகிவிடுகிறது.

கருவி சொன்னது சரி. புதுச் செயின் போட்டேன். வழுக்கல் முன்பைவிட அதிகமானது!

இந்த இடத்தில்தான் பட்டையின் மேல் எனக்கு வருத்தம். அது செயினைப் பற்றி மட்டுமே பேசும். பல்சக்கரத்தைப் பற்றி வாய் திறக்காது. நீண்டுபோன செயினோடு ஓடி ஓடிப் பற்களும் அந்த நீளத்துக்கு ஏற்பத் தேய்ந்திருந்தன. கிழடுகள் இரண்டும் ஒன்றையொன்று அனுசரித்து ஓடிக்கொண்டிருந்த இடத்தில் சரியான அளவுள்ள புதுச் செயின் ஒட்டவில்லை. அதுவும் எல்லாக் கியரிலும் இல்லை, முந்தைய சொந்தக்காரர் அதிகம் ஓட்டியிருக்கக்கூடிய இரண்டு சிறு பல்சக்கரங்களில் மட்டும், அழுத்தி மிதிக்கும்போது மட்டும். பின் கேசட்டையும், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பையும், மாற்றிய பிறகே மேடு ஏற முடிந்தது. பட்டையின் 1 பக்கம் விழுகிறது என்றால் கேசட்டுக்கும் சேர்த்துச் செலவு காத்திருக்கிறது என்று அதன் உறையில் ஒரு வரி அச்சிட்டிருக்கலாம்.

இதன் பிறகும் நடுக்கியர் ஒன்றில் கடகட சத்தம் மிஞ்சியது. பின்னால் குனிந்து பார்த்தால், கியர் மாற்றியில் மேலும் கீழுமாக உள்ள இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் இல்லை. கீழ்ச் சக்கரம் ஆரக்கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தது. சைக்கிள் எப்போதோ வலப்பக்கமாக விழுந்து, கியர் மாற்றி தொங்கும் காது வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தியதும் சத்தம் அடங்கியது. இதையும் எந்த அளவுகோலும் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும்.

மறுபடி கருவிக்கு வருகிறேன். புதுச் செயினில் ஆறு மாதம் ஓட்டியபின் மாட்டிப் பார்த்தேன். 0.75 பக்கம் விழுந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா? ஸ்கேலை வைத்தால் பதினாறில் ஒரு அங்குலம்கூட நீளவில்லை, அதாவது அரை சதவீதத்துக்கும் குறைவு. காரணம் இதன் அமைப்பு. கொக்கியும் பல்லும் இரு கண்ணிகளின் உருளைகளை, அதாவது ஆணியைச் சுற்றிச் சுழலும் சிறு வளையங்களை, எதிரெதிர்த் திசையில் தள்ளுகின்றன. உருளைக்குள் இருக்கும் ஆட்டமும் நீளத்தோடு சேர்ந்து கணக்காகிவிடுகிறது. உருளை ஆடுவதால் செயின் வழுக்குவதில்லை, எண் மட்டும் கூடிவிடுகிறது. நண்பரிடம் மூன்று முனையுள்ள வேறொரு வகை இருந்தது. அது உருளைகளை ஒரே திசையில் தள்ளி அளக்கிறது. அதில் போட்டால் 'இன்னும் ஓட்டு' என்றது. என் பட்டையை மட்டும் நம்பியிருந்தால் நல்ல செயினைக் குப்பையில் போட்டிருப்பேன்.

பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை லேசாக அழுத்தினால் மேல்பகுதிச் செயின் விறைப்பாக நிற்கும், அப்போது அளக்க வேண்டும். தளர்வாகத் தொங்கும்போது அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வரும். 11, 12 கியர் வைத்திருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். அவர்கள் 0.5இலேயே செயினை மாற்ற வேண்டும், இதில் அந்த அளவே கிடையாது.

அழுத்தி மிதிக்காதபோதும் வழுக்கினால் அளக்கவே தேவையில்லை. என் முன்பல்சக்கரத்தில் 44 பற்கள், செயினில் 114 கண்ணிகள். பெடல் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றும்போதெல்லாம் ஒரு துள்ளல் வந்தால், எங்கோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது என்று பொருள். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால், மடங்க மறுக்கும் அந்தக் கண்ணி கியர் மாற்றியின் சிறு சக்கரத்தைக் கடக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். கையால் பக்கவாட்டில் நெகிழ்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகும்.

ஐந்துக்கு இரண்டரை தருவேன். அந்த இரண்டரையும், திருகுகளை நான் திருகிக்கொண்டிருந்ததை நிறுத்தியதற்காக. பழைய சைக்கிள் பார்க்கப் போகிறவர் எஃகு ஸ்கேல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். கருவியே வேண்டும் என்றால் மூன்று முனை வகையை வாங்கலாம். நண்பருடையது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு முறை கேட்டுவிட்டார்.